அம்பாங் பெச்சா முதல் கோலசிலாங்கூர் வரை: நான்கு இடத்துத் தண்ணீரும் ஒரு போத்தல் மூடியும்

இந்தப் பயணத்தை நான் திட்டமிடவே இல்லை. ஓய்வு பெற்று மூன்று வருடமாக ரவாங்கில், வீட்டுக்குப் பின்னால் நட்ட கறிவேப்பிலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள் நான். கடந்த ஜூலை மாதம் ஒரு புதன்கிழமை முன்பின் தெரியாத ஒரு பெண் போன் செய்தாள். பெயர் ஷர்மினி. புஞ்சாக் ஆலாமில் இருக்கும் பல்கலைக்கழக வளாகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். மலையிலிருந்து கடல்வரை தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்பதை, அந்தத் தண்ணீருக்குள் இருக்கும் ஐசோடோப்புகளை அளந்து கண்டுபிடிக்கும் வேலை.

அதே வேலையைத்தான் இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஆய்வுக்கூடமும் செய்தது. பதினான்கு மாதம், மாதம் ஒருமுறை, நான்கு இடம். போத்தலைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் நான். அந்தப் பழைய அறிக்கையின் நகல் எப்படியோ ஷர்மினி கைக்குப் போயிருக்கிறது. ஆனால் அதில் இடத்தின் பெயர் "கோயில் கிணறு, இரண்டாம் டிவிசன்" என்று மட்டும்தான் இருந்ததாம். வட சிலாங்கூரில் கோயில் இல்லாத தோட்டம் எது? எந்தக் கோயில் என்று தேடுவது?

"ஆன்ட்டி, நீங்க வந்து எடத்த மட்டும் காட்டுனா போதும் லா. மத்தத நான் ஹேண்டல் பண்ணிக்கிறேன்" என்றாள்.

எடத்த மட்டும் காட்டுவதா! நான் என்ன சாலைப் பலகையா? அப்படி மனதுக்குள் சிலிர்த்துக்கொண்டாலும், போனை வைத்த கையோடு அலமாரியைத் திறந்து என் பழைய நீல அட்டை நோட்டைத் தேடினேன். அறிக்கைக்குப் போகாத சில்லறை விவரமெல்லாம் அதில்தான் இருக்கும். நீர்மட்டம், மழை, வெயில், யார் எடுத்தது, எங்கே சாப்பிட்டோம், எல்லாம். அட்டையில் கோப்பிக் கறைகூட அப்படியே இருந்தது. அந்தக் கறை அப்போது என்னோடு அலைந்த காதர் அண்ணன் வைத்தது.

சனிக்கிழமை காலை 6.45க்கு ஷர்மினியின் ஃபோர்-வீல் காடி வாசலில் வந்து நின்றது. பின்னால் ஐஸ் பெட்டி, கயிறு, போத்தல்கள். அந்தப் பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு மறுபடியும் நாற்பது வயது ஆகிவிட்டது.

நெடுஞ்சாலையை விட்டுவிட்டு செரண்டா, பத்தாங்காலி வழியாகப் பழைய சாலையிலேயே போகச் சொன்னேன். 7.40க்கு அம்பாங் பெச்சா. வாசலிலிருந்து 41 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் அணை உடைந்து, பழைய கோலகுபு ஊரையே வெள்ளம் கொண்டுபோனதால் வந்த பெயர். இன்றைக்கு ஆற்றைப் பார்த்தால் அப்படிச் செய்யக்கூடியது என்று யாரும் நம்பமாட்டார்கள். முழங்கால் ஆழம், கூழாங்கல், சில்லென்ற மலைத் தண்ணீர். முதல் மாதிரி இங்கேதான்.

இங்கே கொஞ்சம் விளக்கம் சொல்லியாக வேண்டும், பயப்படாதீர்கள். எல்லாத் தண்ணீரும் ஒரே எடை இல்லை. பெரும்பாலான தண்ணீரில் இருப்பது ஆக்சிஜன்-16. மிகச் சில துகள்களில் அதைவிடக் கனமான ஆக்சிஜன்-18 இருக்கும். வெயில் அடித்தால் இலேசானது முதலில் ஆவியாகிப் போகும், கனமானது தங்கிவிடும். அடுப்பில் வைத்த ரசம் சுண்டச் சுண்ட உப்புக் கூடுகிற மாதிரி. அதனால் வெயிலில் வருடக்கணக்காகக் கிடக்கும் பழைய ஈயக்குட்டைத் தண்ணீர், அதாவது வெள்ளீயம் தோண்டிய பள்ளத்தில் தேங்கியது, கனம். மலைமேல் பெய்து மண்ணுக்குள் இறங்கிவரும் தண்ணீர் இலேசு. ஒரு சொட்டைக் கருவியில் விட்டால் அது எங்கே பிறந்தது, வெயிலில் காய்ந்ததா என்று சொல்லிவிடும்.

ஒரே ஒரு தொல்லை. போத்தல் மூடி தளர்ந்திருந்தால் போத்தலுக்குள்ளேயே தண்ணீர் கொஞ்சம் ஆவியாகிவிடும். அப்போது நல்ல மலைத் தண்ணீரும் குட்டைத் தண்ணீர் மாதிரி கனம் காட்டும். அதனால் மூடி போடுவது எங்கள் வேலையில் உயிர்நாடி. வாய்வரை நிரப்ப வேண்டும், ஒரு குமிழிகூட இருக்கக்கூடாது. கழுத்தைத் துடைத்து, இறுக்கி, மூன்று சுற்று டேப் ஒட்டி, கவிழ்த்துப் பிடித்துப் பார்க்க வேண்டும். லேபலில் மூடியவர் தன் பெயரை எழுத வேண்டும்.

எங்களில் மூடுகிறவர் காதர் அண்ணன். வேன் ஓட்டுநராக வந்தவர், ஆறு மாதத்தில் என்னைவிடச் சுத்தமாகப் போத்தல் நிரப்பக் கற்றுக்கொண்டார். கோலசிலாங்கூர்க்காரர், அப்பா காலத்திலிருந்தே அங்கே அவர்களுக்குச் சாப்பாட்டுக்கடை. சிலுவாரை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு இதே ஆற்றில் இறங்குவார். டேப் ஒட்டிக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு ஒவ்வொரு முறையும் ஒரே வசனம்தான்: "மூடியாச்சு லா. இனி ஜின்னு வந்தாலும் தொறக்க முடியாது." பதினான்கு மாதத்தில் நான் அதை ஐம்பது தடவை கேட்டிருப்பேன். எரிச்சலாகக்கூட இருக்கும். அன்றைக்கு ஆற்றோரம் நின்றபோது அந்தக் குரல் இல்லாதது பெரிய குறையாகப் பட்டது.

8.50க்கு ராசாவுக்குத் திரும்பி வந்து பசியாறினோம். சிறிய ஊர்தான், ரயில் நிலையம் உண்டு. இரண்டு தோசை, ஒரு நாசி லெமாக், நுரைபொங்க ஆற்றிய இரண்டு தே தாரிக், எல்லாம் சேர்த்து 14 வெள்ளி 20 சென். சட்னி சுமார்.

ஷர்மினி ஒரு கையில் தோசையும் மறு கையில் என் நோட்டுமாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பழைய அறிக்கையின் நகல்.

"ஆன்ட்டி, கோயில் கெணறு பதிமூணு மாசம் சூப்பரா ஒரே மாதிரி இருக்கு. ஜூலை மட்டும் ஏன் இவ்ளோ ஹெவி? ரிப்போர்ட்ல அந்த லைனையே கோடு போட்டு அடிச்சிட்டாங்க."

"அதுவா. அது மூடி சரியா போடல. காதர் அண்ணன் செஞ்ச தப்பு" என்றேன். இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிவந்த பதில், யோசிக்காமலே வந்தது. அறிக்கையிலும் அப்படித்தான் இருந்தது. கோடு போட்ட வரிக்கு எதிரே, சின்ன எழுத்தில்: மூடியவர் காதர், மூடி தளர்வு.

"ஓ. அப்ப ரெடான் கூட கொறைஞ்சிருக்கே? அதுவும் அவரு மூடுனதா?"

தே தாரிக்கைக் கீழே வைத்தேன்.

ரெடான் என்பது வேறு கதை. இந்த மலைத்தொடர்ப் பக்கம் எல்லாம் கருங்கல். கருங்கல்லில் கொஞ்சம் யுரேனியம் உண்டு. அது கோடிக்கணக்கான வருடமாகச் சிதைந்து சிதைந்து ரேடியமாகி, அதிலிருந்து ரெடான் என்ற வாயு பிறக்கிறது. பாறை இடுக்கில் ஊறும் தண்ணீரில் அது கலந்திருக்கும். ஆனால் ஆயுசு குறைச்சல், நான்கு நாளைக்குள் பாதி அழிந்துவிடும். அதனால் ஒரு கிணற்றில் ரெடான் நிறைய இருந்தால் தண்ணீர் இப்போதுதான் பாறைக்குள்ளிருந்து வந்திருக்கிறது என்று அர்த்தம். திறந்த குட்டையில் ரெடான் அநேகமாக இருக்காது.

இதற்குத் தனிப் போத்தல். கண்ணாடிப் போத்தல், அடியில் ஈயக்கட்டி கட்டி மெதுவாக இறக்க வேண்டும். அதை வேறு யாரும் தொட விடமாட்டேன். ரெடான் போத்தல் முழுக்க முழுக்க என் கைவேலை.

"இல்ல. அது நான் மூடுனது" என்றேன்.

"நீங்க மூடுனது லூசா இருந்திச்சா ஆன்ட்டி?"

"இல்லவே இல்ல."

"அப்ப எப்டி அதே மாசம் ரெண்டு போத்தலும் தப்பு?" அவள் குத்திக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். ஆக்சிஜன் எண் ஓர் அறைக்குப் போனது, ரெடான் எண் வேறோர் அறைக்குப் போனது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவைத்தவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான். எழுதினேனே தவிர ஒருநாளும் சேர்த்துப் படிக்கவில்லை.

அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அந்த எண் வந்ததும் பெரிய அதிகாரி கூப்பிட்டு, "போத்தலை மூடியது யார்?" என்று கேட்டார். "காதர் அண்ணன் சார். தே குடிக்கிற அவசரத்துல மூடியிருப்பாரு, நான் பாத்திருக்கேன்" என்றேன். பார்த்தேனா? பார்க்கவில்லை. எப்போதோ ஒருநாள் அவர் போத்தலைக் கீழே வைத்துவிட்டுத் தே குடித்ததைப் பார்த்திருந்தேன், அவ்வளவுதான். பழி என்மேல் திரும்பிவிடுமோ என்ற பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். அடுத்த திங்கள்கிழமையே அவரை ஸ்டோர் ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை. ஆறும் கடலும் பார்த்துக்கொண்டிருந்த மனுசன் அங்கே ஆறு வருடம் பெட்டி எண்ணிவிட்டு, வேலையை விட்டு ஊருக்குத் திரும்பி அப்பாவின் கடையைப் பார்த்துக்கொண்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

ராசாவிலிருந்து செம்பனைக்கு நடுவே உள் சாலைகளில் 46 கிலோமீட்டர். பெஸ்தாரி ஜெயாவைத் தாண்டி, அந்த இரண்டாம் டிவிசனுக்கு 11.15க்குப் போய்ச் சேர்ந்தோம். எங்களுக்கெல்லாம் பெஸ்தாரி ஜெயா இன்னும் பழைய பெயரில் பத்தாங் பெர்ஜுந்தைதான். இரண்டு முறை வழி தவறினேன். தொழிலாளர் லயம் இருந்த இடத்தில் புது வரிசை வீடுகள், பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை. கோயில் மட்டும் புதுப் பளிங்குத் தரையோடு அதே இடத்தில் நின்றது. கிணற்றுக்கு இரும்புக் கம்பி மூடி போட்டிருந்தார்கள்.

சாவி பம்ப் ராமையாவிடம். தோட்டத்துப் பம்ப் வீட்டைப் பார்த்துக்கொண்டவர், எழுபதைத் தாண்டியவர், இப்போது கோயில் எதிர்வீட்டில் இருக்கிறார். என்னைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கினார்.

"தண்ணி ஆபீஸ் அம்மாதானே நீங்க? வெள்ள வேன்ல வருவீங்களே! கூட ஒரு பாய் வருவாரு, நல்லா வாய் பேசுவாரு."

நாங்கள் தண்ணி ஆபீஸ் இல்லை என்று அப்போதே எத்தனை தடவை சொல்லியிருப்போம்! கம்பி மூடியைத் திறந்தார். தண்ணீர் ஆழத்தில் இருந்தது, மூன்று வாரமாக மழை இல்லை. நோட்டைப் பிரித்து அந்த ஜூலைப் பக்கத்தைப் பார்த்தேன். என் கையெழுத்து: "ஒரு மாதமாக மழை இல்லை. நீர்மட்டம்: குனிந்தால் கைக்கு எட்டுகிறது. அம்மன் அருள்."

அறிவியல் நோட்டில் அம்மன் அருள் என்று எழுதி வைத்திருக்கிறேன், பாருங்கள். நன்றாக ஞாபகம் இருக்கிறது. மறுநாள் திருவிழா, தோரணமெல்லாம் கட்டியிருந்தார்கள். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "பாத்தீங்களாண்ணே, எங்க அம்மா சக்திய" என்று காதர் அண்ணனிடம் பீற்றிக்கொண்டேன். அவர்கூட "வறட்சியில எப்டிம்மா இவ்ளோ தண்ணி? கேட்டுப் பாக்கலாமா?" என்றார். "சாமி விசயத்துல கேள்வி கேக்காதீங்க" என்று வாயை அடைத்தவளும் நான்தான்.

அன்றைக்கு அவரைக் கேட்கவிடாத கேள்வியை இப்போது நானே கேட்டேன். "ஐயா, நாங்க வந்துக்கிட்டு இருந்தப்ப ஒரு தடவ மழையே இல்லாம, திருவிழாவுக்கு மொத நாளு கெணறு வாய்வரைக்கும் நெறைஞ்சிருந்திச்சே, எப்படி?"

ராமையா திரும்பிக் கோயிலைப் பார்த்தார், பிறகு சிரித்தார். "இப்ப சொன்னா என்ன, அந்தக் கமிட்டியில நான் ஒருத்தன்தான் மிச்சம். கரகத்துக்குத் தண்ணி எடுக்குற அன்னைக்கி கெணத்துல கைய விட்டா தண்ணி தொடணும்மா. அது இந்தத் தோட்டத்து வழக்கம். கயிறு போட்டு எறக்கி மோந்தா, அம்மா மனசு எறங்கலன்னு பொம்பளைங்க அழுதுருவாங்க. அதனால மழ இல்லாத வருசத்துல நாங்க நாலு பேரு, மத்தியானம் எல்லாரும் படுத்திருக்குற நேரம் பாத்து, நர்சரி தண்ணி லோரிய ஈயக்குட்டைக்கு ஓட்டிக்கிட்டுப் போயி, ரொப்பிக்கிட்டு வந்து கெணத்துல விட்டுருவோம். மூணு நட. பொம்பளைங்க யாருக்கும் தெரியாது."

"எங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாமே ஐயா!"

"தண்ணி ஆபீஸ்காரங்ககிட்டயா? குட்டத் தண்ணி விட்டோம்னு தெரிஞ்சா கெணத்துக்கு சீல் வச்சிட்டுப் போயிருவீங்கன்னு பயம். நீங்க வேற கன்னத்துல போட்டுக்கிட்டு நிக்கிறீங்க. எங்களுக்குச் சிரிப்பு தாங்கல."

ஷர்மினி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஓ மை காட், ஆன்ட்டி. அதான் ஹெவி. அதான் ரெடான் இல்ல. ரெண்டு போத்தலும் கரெக்டு!"

இரண்டு போத்தலும் சரி. காதர் அண்ணன் மூடியது சரி. கிணற்றில் எடுத்தது சரி, அளந்தது சரி, எண் சரி. தப்பு என் வாயில் மட்டும்தான். கிணற்று மேடையில் உட்கார்ந்துவிட்டேன். ராமையா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், வெயில் என்று நினைத்துவிட்டார் போல.

இந்த வருடம் திருவிழா ஆகஸ்டில்தான், இன்னும் யாரும் ஊற்றவில்லை என்பதை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டு மாதிரி எடுத்தோம். இப்போதெல்லாம் குழாய்த் தண்ணீரை ஹோஸ் போட்டு விடுகிறார்களாம். ரெடான் போத்தலை வழக்கம்போல நானே இறக்கி எடுத்தேன். ஷர்மினி ஆக்சிஜனுக்கு இரண்டு போத்தல் நிரப்பினாள். ஒன்றை அவளே மூடி, டேப் ஒட்டி, பெயர் எழுதி ஐஸ் பெட்டியில் வைத்தாள். இன்னொன்றை நான் வாங்கிக்கொண்டேன். இறுக்கி மூடினேன், டேப் ஒட்டவில்லை, லேபலிலும் எழுதவில்லை. ஏன் என்று அவள் கேட்கவில்லை. நல்ல பெண்.

குட்டைக்கு அங்கிருந்து 2 கிலோமீட்டர், அங்கே 12.40க்கு ஒரு மாதிரி. நீலமாக, அழகாக, ஆளில்லாமல் இருக்கும். குளிக்கிறேன் என்று இறங்கிவிடாதீர்கள், கரை ஓரத்திலேயே இருபதடி ஆழம் இருக்கலாம்.

அப்புறம் கோலசிலாங்கூர், 27 கிலோமீட்டர். முதலில் ஆற்றுமுகத்துக்குப் போனோம், 2 மணிக்கு நீர் இறக்கம். அந்தக் காலத்தில் இங்கே இரண்டு முறை சேற்றில் குழாய் இறக்கி அடுக்கடுக்காகச் சேறு எடுத்திருக்கிறோம். ரெடான் சிதைந்து கடைசியில் ஈயம்-210 ஆகிறது. மழையோடு விழுந்து, சேற்றில் படிந்து, அங்கேயே மெல்லக் குறைகிறது. பாதியாகக் குறைய இருபத்திரண்டு வருடம். அதை வைத்துச் சேற்றுக்கு வயது சொல்லிவிடலாம். இடுப்புவரை சேற்றில் நின்று குழாயைப் பிடித்துக்கொண்டு, "வசந்தா, என்னையும் எடுத்துக்கிட்டுப் போயி வயசு பாருங்க லா" என்பார் காதர் அண்ணன். அவர் நின்ற சேற்றிலேயே ஈயம் இந்நேரம் பாதியாகியிருக்கும். நான் சொன்ன வார்த்தை அப்படியே முழுசாக இருந்தது.

காதர் அண்ணன் கடைக்கு 2.40க்குப் போனோம். இதற்கு முன்னால் இந்தக் கடை வழியாக எத்தனை தடவை போயிருக்கிறேன், ஒரு தடவைகூட நிறுத்தியதில்லை. கல்லாவில் வெள்ளைத் தொப்பி, கனத்த கண்ணாடி. என்னை ஒரு நிமிடம் பார்த்தார்.

"வசந்தாவா?"

"ஆமாண்ணே."

"ஒக்காரு."

அவ்வளவுதான். அடுத்த பதினைந்து நிமிடம் மற்ற மேசைகளைக் கவனித்தார், கணக்குப் பார்த்தார், உள்ளே போனார், வந்தார். எங்கள் மேசைக்கு வரவில்லை. ஷர்மினி என்னைப் பார்த்தாள், நான் மேசைத்துணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. கடைசியில் இரண்டு தே தாரிக்கைத் தானே கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

நோட்டைத் திறந்து அவர்முன் வைத்தேன். படிக்கக் கண் தெரியாது என்றார். நானே படித்தேன். கைக்கு எட்டுகிறது, அம்மன் அருள், ரெடான் குறைவு, எல்லாவற்றையும். ராமையா சொன்னதைச் சொன்னேன். அதிகாரி முன்னால் நான் சொன்னதையும் சொன்னேன். "நான் பாக்கலண்ணே. பாத்தேன்னு பொய் சொன்னேன். மன்னிச்சிருங்கண்ணே."

அழக்கூடாது என்று இருந்தேன், முடியவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் மூடுனது எனக்குத் தெரியும் வசந்தா. அதுக்கு ஒன் நோட்டு வேணாம். நீ ஏன் அப்படிச் சொன்னேங்கறதுதான் எனக்கு வெளங்கல. ஸ்டோர் ரூம்ல ஒக்காந்து அதத்தான் யோசிச்சிக்கிட்டு இருந்தேன்."

"பயந்துட்டேண்ணே."

"ம். நானும் ஒன் வெள்ளக் காடி இந்தப் பக்கம் போறத நாலஞ்சி தடவ பாத்திருக்கேன். நிக்கும்னு பாப்பேன்."

அவரே வாயோரம் லேசாகக் கோணி, "லோரியில தண்ணி வந்தது ஒங்க அம்மனுக்கு. பழி வந்தது எனக்கு. நல்லா இருக்கும்மா ஒங்க ஞாயம்" என்றார். கிண்டலும் இருந்தது, கோபமும் இருந்தது. இரண்டுமே எனக்கு வேண்டியிருந்தது.

பையிலிருந்து கிணற்றுப் போத்தலையும் டேப்பையும் எடுத்து மேசையில் வைத்தேன். "கோயில் கெணத்துத் தண்ணி. இன்னைக்கி எடுத்தது. டேப் ஒட்டலண்ணே. நீங்க ஒட்டுங்க."

போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "குமிழி இல்ல. பரவால்ல, மறக்கல நீ." தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்தார். மூடியைத் தொட்டுப் பார்த்து, அரைச் சுற்று மேலும் இறுக்கினார். நான் இறுக்கியது போதவில்லை! டேப் மூன்று சுற்று. டேப் கோணவில்லை. கவிழ்த்துப் பிடித்துக்கொண்டே இருந்தார். கடையில் சட்டியும் கரண்டியும் இரைந்தன. பிறகு லேபலில், கண்ணைக் கிட்டே கொண்டுபோய், பெரிய எழுத்தாகப் பெயர் எழுதினார். அந்த வசனத்தைச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. "சாப்புட்டுட்டுப் போங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கல்லாவுக்குப் போனார். மீன் கறி, பிரியாணி, காசு வாங்கவில்லை.

மாலை 5.50க்கு, 32 கிலோமீட்டர் ஓடி, புஞ்சாக் ஆலாமில் ரெடான் போத்தலைக் கருவியில் ஏற்றினோம். ரெடான் ஏராளம். பாறைக்குள்ளிருந்து வந்த தண்ணீர், அந்தக் காலத்துப் பதிமூன்று மாதத்தைப் போலவே.

இந்த வழியில் போக நினைக்கிறவர்களுக்கு: மொத்தம் சுமார் 190 கிலோமீட்டர், ரவாங்கிலிருந்து புறப்பட்டால் ஒரே நாளில் முடியும், எங்களுக்கு டீசல் 60 வெள்ளிக்குள் அடங்கியது. அம்பாங் பெச்சாவுக்கு எட்டு மணிக்கு முன்னால் போய்விடுங்கள், பிறகு குளிக்க வருகிறவர்கள் கூட்டம். ராசாவில் சாப்பிடலாம், ஆனால் கோலசிலாங்கூருக்கு வயிற்றில் இடம் வைத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக் கோயிலுக்குள் போகும் முன் யாரையாவது கேளுங்கள், கிணற்று மூடியை நீங்களாகத் திறக்காதீர்கள். உள் சாலைகளில் போன் வழிகாட்டியை நம்பாமல் செம்பனை லோரிக்காரர்களைக் கேளுங்கள். நீர் இறக்க நேரம் பார்த்து ஆற்றுமுகத்துக்குப் போங்கள், கொசுவுக்கு ஏதாவது தடவிக்கொள்ளுங்கள். வழியில் பழைய பழக்கக்காரர் யாராவது இருந்தால் காடியை நிறுத்துங்கள். நான் நிறுத்த இத்தனை வருடம் ஆனது.

இந்தக் கட்டுரையை ஜூலையிலேயே எழுதியிருக்கலாம். ஒரு சோதனை முடியட்டும் என்று காத்திருந்தேன். காதர் அண்ணன் மூடிய போத்தலை ஐஸ் பெட்டியில் வைக்க விடவில்லை. என் சமையலறை ஜன்னலில், நேர் வெயிலில், ஒரு மாதம் வைத்தேன். தளர்ந்த மூடி என்றால் நிச்சயம் காட்டிக்கொடுக்கிற இடம். பிறகு ஷர்மினியிடம் கொடுத்தேன். அவள் குளிரில் வைத்திருந்த போத்தலோடு சேர்த்து அளந்தாள். போன வாரம் எண் வந்தது. இரண்டும் ஒன்று. பழைய அறிக்கையில் கோடு போட்ட அந்த ஜூலை வரியையும் தன் கட்டுரையில் திருப்பிச் சேர்க்கப் போகிறாளாம், லோரித் தண்ணீரின் கதையோடு.

உடனே கடைக்குப் போன் செய்தேன்.

"ரெண்டும் ஒண்ணா?" என்றார் காதர் அண்ணன்.

"ஒண்ணுதாண்ணே. ஒரு சொட்டு போகல."

அந்தப் பக்கம் தே ஆற்றுகிற சத்தம் கேட்டது.

"லேபல்ல என் பேரு இருக்கா?"

"இருக்குண்ணே."

"அழிச்சிராத."